சோளக்காட்டிலிருந்து வந்த போன்

மைசூரிலிருந்து கொள்ளேகால் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு நர்ஸுகள். மூத்தவர் சொன்னார்:

"பெட்ரோல் தீர்ந்து போனதாலதான் என் தம்பி உயிரோட இருக்கான்."

பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த நான் காதில் இருந்ததைக் கழற்றிவிட்டேன்.

"யாருக்கா, ஸ்கூட்டரை எப்பவும் ரிசர்வ்லயே ஓட்டுவாரே, அவரா?" என்றாள் இளையவள்.

"அவனேதான். ஆப்பிரிக்காவுல வேலை பாக்கறானில்ல, அங்க ஒரு குட்டி விமானத்துல போயிருக்கான். பத்துப் பேரு. பாதி வழியில பெட்ரோல் காலி. சோளக்காட்டுல விழுந்துடுச்சு."

"ஐயோ!"

"எரியறதுக்கு டேங்க்ல ஒண்ணுமே இல்லையே, தீ பிடிக்கல. எல்லாரும் பொழைச்சுட்டாங்க. இவனுக்குக் கை மட்டும் முறிஞ்சுது."

"ஹௌதா, நெஜமாவா! உங்களுக்கு யாரு சொன்னாங்க?"

"அவனேதான் காட்டுல இருந்து போன் பண்ணினான். 'அக்கா, பெட்ரோல் தீந்துடுச்சு'ன்னான்."

"பயந்துட்டீங்களா?"

"எங்க பயந்தேன்? இங்க இருந்தப்ப வாரத்துக்கு ரெண்டு தடவை அதே போன்தானே. அவன் ஆப்பிரிக்காவுல இருக்கறதே மறந்து போச்சு. 'மறுபடியுமா? எந்த ரோட்டுல நிக்கறே? வண்டிய ஓரமா நிறுத்து, பாட்டில்ல வாங்கிட்டு வர்றேன்'னு திட்டிக்கிட்டே செருப்பை மாட்டிட்டேன்."

இளையவள் சிரித்துச் சிரித்து முன் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"அதுக்கு அவரு என்ன சொன்னாரு?"

"மெதுவா, 'அக்கா, இந்தத் தடவை ஓட்டினது நான் இல்லக்கா'ன்னான்."