மூன்று கிளைகள், ஓர் ஒற்றைக் குழாய்

செவ்வாய்க்கிழமை, காலை ஆறே கால். மலேசியாவின் ஸ்கூடாயிலிருந்து சிங்கப்பூர் எல்லைச் சாவடிக்குப் போகும் பேருந்தில், ஒரே தொழிற்சாலையின் சட்டை அணிந்த ஒரு பெண்ணும் ஆணும் என் முன்னே நின்றிருந்தார்கள்.

"எவ்ளோ பெரிய பம்ப் வாங்கினாலும் தொட்டியில வெற்றிடம் சீக்கிரம் வராது, அண்ணே," என்றாள் அவள்.

"அலமாக்!" என்று பதறினார் அவர். "ஒன்பது மணிக்கு மேனேஜர் பெரிய பம்ப்புக்கு ஆர்டர் போடுறாரு லா. கணக்கு போட்டது நீதானே?"

"நான்தான். தொட்டியில இருந்து வர்ற மூணு கிளைக் குழாயும் எவ்ளோ காத்து விடும்னு கூட்டினேன். மூணும் சேர்ந்து பம்ப்புக்குப் போற ஒத்தைக் குழாயைக் கணக்குல விட்டுட்டேன். அதுதான் ஒடுக்கமா இருக்கு. அதை அகலமாக்கினா பழைய பம்ப்பே போதும்."

"இப்பச் சொன்னா உன் ப்ரமோஷன் போயிடும்."

"போகட்டும். ஒன்பதுக்கு முன்ன சொல்லிடுவேன்."

அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"நானும் வர்றேன். கணக்கு சரின்னு கையெழுத்து போட்டது நான்தானே."