வாசற்கதவு

தாம்பரத்தில் ரயில் ஏறிய இரண்டு ஆபீஸ் பெண்கள் லேடீஸ் கம்பார்ட்மெண்டில் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். தன் கல்யாணப் பத்திரிகையை நீட்டிக்கொண்டே ஒருத்தி சாதாரணமாகச் சொன்னாள்:

"எங்க வீட்டு வாசக்கதவைக் கழட்டி அப்பா எனக்கு பீரோ பண்ணிட்டார்டீ."

தோழியின் கை பாதியில் நின்றது. "வாசக்கதவையா?"

"மாப்பிள்ளை வீட்ல டிராயர் வச்ச தேக்கு பீரோ கேட்டாங்க. அப்பாவே படம் வரைஞ்சு குடுத்தார். பச்சை மரம்னா மழைக்கு உப்பி டிராயர் சிக்கிக்கும், நல்லா காஞ்ச தேக்கு வேணும்னு ஆசாரி சொல்லிட்டார். எங்ககிட்ட அந்தக் கதவுதான் இருந்தது. கீழ் டிராயருக்குள்ள எங்க வீட்டு நம்பர்கூட அப்படியே இருக்கு. அதை மட்டும் இழைக்க வேண்டாம்னு அப்பா சொல்லிட்டார்."

"அப்ப வாசலுக்கு?"

"தட்டி கட்டியிருக்கோம். அப்பா குறுக்கே பாய் போட்டுப் படுத்துக்கறார்."

குரோம்பேட்டையில் கூட்டம் ஏறியது. தோழி பத்திரிகையை இன்னும் பிரிக்கவில்லை.

"இது மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்குத் தெரியுமா?"

"நேத்து தட்டியை விலக்கிட்டுத்தானே உள்ள வந்தாங்க. பீரோ ரொம்பப் பிடிச்சுப்போச்சு. கட்டிலும் இதே மரத்துல வேணும்னுட்டாங்க."

"அப்பா என்ன சொன்னார்?"

"காலையில நான் கிளம்பறப்ப கொல்லைக் கதவை அளந்துக்கிட்டிருந்தார்."