சத்தமில்லாமல் ஜெபித்த வெள்ளிக்கிழமை

கல் விழுகிறது. ஷீட் கூரையில். ஒன்று. இரண்டு. பிறகு எண்ண முடியவில்லை.

1991 டிசம்பர். வெள்ளிக்கிழமை. பிற்பகல் மூன்று மணி இருக்கும். ஒக்கலிபுரத்தில், ரயில் பாதையை ஒட்டிய வரிசை வீடுகளில் கடைசி வீடு நம்முடையது. காவிரித் தண்ணீருக்காக ஊர் எரிகிறது. தமிழ்ப் பேச்சு கேட்கிற வீட்டில் அடி விழுகிறது.

பக்கத்து வீட்டு ரத்னம்மா ஓடி வருகிறாள். கன்னடக்காரி. கையில் பூட்டு.

"ஒளகே ஹோகி! மாத்தாடபேடி!"

உள்ளே போங்கள், பேசாதீர்கள் என்கிறாள். எங்களைத் தள்ளிக் கதவைச் சாத்துகிறாள். வெளியே பூட்டுகிறாள். அப்புறம் நகத்தால் சுரண்டும் சத்தம். எனக்குப் புரிந்துவிட்டது. கதவில் வாக்குத்தத்த அட்டை, வேத வசனம் அச்சிட்டது. புத்தாண்டு ஆராதனையில் கொடுத்தது. கொட்டை கொட்டையாகத் தமிழ் எழுத்து. எல்லாரும் பார்க்கட்டும் என்று மைதா பசை காய்ச்சி நானே ஒட்டினேன். லேசில் வராது. அவள் தன் ஈரச் சேலையை அதன் மேல் தொங்கவிட்டாள். கதவடியில் தண்ணீர் உள்ளே வந்தது.

உள்ளே மூன்று பேர். நான், உங்கள் அம்மா, பதினோரு மாதத்துப் பெரியவள். சின்னவனே, நீ அப்போது பிறக்கவில்லை.

நான் முழங்கால் போட்டேன். வாயைத் திறந்தேன். அம்மா என் வாயைப் பொத்தினாள்.

எனக்குச் சத்தமாக ஜெபித்துத்தான் பழக்கம். தினமும் ஆறு மணிக்குத் தெருவே கேட்கும். என் தம்பி அருள், உங்கள் சித்தப்பா, கேலி செய்வான். "அண்ணா, நீ ஜெபிச்சா ஸ்டேஷன்ல வண்டியே கிளம்பிடுது!" நான் திட்டுவேன். "வாய மூடுடா, பரிகாசக்காரா."

அன்று சத்தமில்லாமல் ஜெபிக்க எனக்குத் தெரியவில்லை. 'அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்' என்ற வேதாகமச் சங்கீதத்தை எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். அமர்ந்ததில்லை. மூச்சை இழுத்தேன். கர்த்தாவே. விட்டேன். உம் கையில். மறுபடி இழுத்தேன். அவ்வளவுதான் ஜெபம். அம்மா பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே இருந்தாள். சமாதானம் வந்தது. பொய் சொல்லவில்லை பிள்ளைகளே, வந்தது.

தெருமுனையில் ரத்னம்மாவின் குரல். "யாரூ இல்லா! ஊரிகே ஹோகித்தாரே!" யாருமில்லை, ஊருக்குப் போய்விட்டார்கள். எங்களுக்காக அவள் சொன்ன பொய். எதிரே ஆண்கள் சத்தம். பத்துப் பதினைந்து பேர் இருக்கும்.

அப்போது பின் சந்து வழியாக யாரோ நடந்து வரும் சத்தம். முன்பக்கம் சுற்றி வந்து, பூட்டிய கதவில் மூன்று தட்டு.

"அண்ணா. அண்ணி. உள்ள இருக்கீங்களா?"

அருள். ஆடுகோடியில் அவன் வேலை செய்யும் பட்டறையிலிருந்து நடந்தே வந்திருக்கிறான்.

பதில் சொன்னால் தெருமுனைக்குக் கேட்கும். சாவி ரத்னம்மாவிடம். நான் கதவுக்கு இந்தப் பக்கம். உள்ளங்கையைக் கதவில் வைத்தேன். மூச்சை இழுத்தேன். விடவில்லை.

பூட்டை ஒருமுறை ஆட்டிப் பார்த்தான்.

"அப்பாடா. போயிட்டாங்க" என்றான், தனக்குத்தானே. நிம்மதியாகச் சொன்னான்.

நடந்து போனான். ரயில் பாதைப் பக்கம். கொஞ்ச நேரத்தில் ஒரு கூச்சல். "ஹிடிரி! ஹிடிரி!" பிடியுங்கள் என்று அர்த்தம்.

நான் அமர்ந்திருந்தேன்.

அப்பா ஏன் வாய்விட்டு ஜெபிப்பதில்லை என்று கேட்கிறீர்கள். இதுதான். இப்போதும் தினமும் அமர்கிறேன். கர்த்தரை நம்புகிறேன். அன்று என்னை அமர வைத்தது விசுவாசமா, பயமா என்று அவரிடம் கேட்கிறேன். அவர் பேசாமல் இருக்கிறார். நானும் எழுந்து போவதில்லை.

போனவற்றை எழுதி வைக்கிறேன். மறக்காதீர்கள்.

கூரை ஷீட், நான்கு. வாசலில் நின்ற சைக்கிள், ஒன்று. வரிசையில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் எட்டு. திரும்பி வந்தவை மூன்று.

உயிர், ஒன்று. அருள்தாஸ். வயது இருபத்திரண்டு. ஞாயிற்றுக்கிழமை காலை தண்டவாளத்தோரம் கிடைத்தான்.