எட்டாவது பத்தி

என் தட்டச்சில் பிழை வராது, ஐயா. இருபத்தாறு வருடமாக வக்கீல் ஆபீசில் குமாஸ்தா. நான் அடித்த தாளை வக்கீல் படிக்காமலே கையெழுத்துப் போடுவார்.

அக்கா போட்ட வழக்கின் பிராதையும் நான்தான் அடித்தேன். அப்பா அவளுக்கு எழுதிவைத்த வீட்டில் மரக்கடைக்காரர் வாடகைக்கு இருப்பதாக நான் சொன்னதை, வெளியூரில் வாழ்க்கைப்பட்ட அவள் நம்பியிருந்தாள். விற்பனைப் பத்திரத்தில் அவள் கையெழுத்தைப் பொய்யாகப் போட்டு வீடு அவருக்குக் கைமாறிப் பதினைந்து வருடம் ஆகிவிட்டது. போன வருடம்தான் அவளுக்குத் தெரியவந்தது. தெரியவந்த நாளிலிருந்துதான் வழக்குப் போடக் கெடு எண்ணுவார்கள். அதைச் சொல்லும் எட்டாவது பத்தியை நான் அடிக்கவில்லை.

வழக்கே செல்லாது என்று மரக்கடைக்காரர் மனுப் போட்டார். அந்த மனு எனக்குப் பிடிக்கும். "அந்தம்மா சொல்றதெல்லாம் உண்மைன்னே வெச்சுக்குவோம், அப்பவும் இந்த வழக்கு நிக்காது" என்றார் அவருடைய வக்கீல். நீதிபதி பிராதை மட்டுமே பார்ப்பார். சாட்சி கிடையாது. பத்திரத்தைக் கொண்டுவந்து கொடுத்தது யார் என்று மரக்கடைக்காரர் வாய் திறக்க அங்கே இடமே இல்லை.

பிராதின்படி இது காலம் கடந்த வழக்கு, பதினைந்து நாளில் திருத்தாவிட்டால் நிராகரிக்கப்படும் என்று உத்தரவானது. அக்காவிடம் எல்லாம் முடிந்துவிட்டது என்றேன். அவள் அழுதபோது எனக்கும் அழுகை வந்தது. வக்கீலிடம், அக்காவுக்கு இனி வழக்கில் இஷ்டமில்லை என்று சொல்லிவிட்டேன்.

பதினான்காம் நாள், தானே போய் வாங்கிய உத்தரவு நகலோடு ஆபீஸ் மாடிக்கு வந்தாள். நான் தனியாக இருந்தேன்.

"நாளைக்கு வரைக்கும் டைம் இருக்காமேடா. போன வருஷம்தான் தெரியும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, அது எங்க?"

"விட்டுப்போச்சுக்கா."

"உனக்கா?"

என் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோர்ட்டுக்குப் போய் வக்கீலையே பார்த்துக்கறேன்" என்று கிளம்பினாள். வழியனுப்பப் படிக்கட்டு வரை நானும் போனேன். சின்ன வயதில் எனக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். அவள் கையெழுத்து எனக்கு அத்துப்படி.

அந்தக் கையெழுத்தைப் போட்டவன் நான். படியில் தள்ளியதும் நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். விழும்போது அவள் எட்டிப் பிடித்த கைப்பிடியிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேனே, அதை மட்டும் எழுத வேண்டாம், ஐயா. அந்த ஒரு பத்தி இல்லாமலே உங்கள் கொலை வழக்கு நிற்கும்.