வாய் ரப்பர் இல்லாத ரெகுலேட்டர்

மத்தியானம் ஒன்றரை மணி.

சிரிக்காதீர்கள். பேய் என்றால் நடுராத்திரியும் நாய் ஊளையும் வேண்டும் உங்களுக்கு. கரண்ட் போய், மொட்டைமாடியில் ஒருவர் தோளை ஒருவர் இடித்துக்கொண்டு உட்கார்ந்தால்தான் பயமே வரும். இது பட்டப்பகலில் நடந்தது. பங்குனி வெயிலில்... எண்ணூர் சாலையில்.

நம்ம மாசானத்தின் அத்தானுக்கு நடந்தது. மாசானம் இன்று வரவில்லை. அதனால்தான் சொல்கிறேன்.

அன்று லாரி ஸ்டிரைக். கண்டெய்னர் லாரிகள் எப்போதும் வரிசைகட்டி நிற்கும் சாலையில் ஒரு வண்டி கிடையாது. ஒரு பக்கம் அலைக்குப் போட்ட பாறாங்கற்கள். மறு பக்கம் கம்பெனிச் சுவர். உருகிய தாரின் வாசனை. அந்தச் சாலையில் ஒரே ஒரு எம்.எய்ட்டி போகிறது. பின்சீட்டில், சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டிய சிலிண்டர். தண்ணீருக்கடியில் மூச்சு விட முதுகில் மாட்டிக்கொள்வார்களே, அது.

ஓட்டுகிறவன் இசக்கிப்பாண்டி. மாசானத்தின் அக்கா ஆவுடையம்மாளின் புருஷன். ராயபுரத்தில் கயிறு, ஆணி, பெயிண்ட் கடை. தூத்துக்குடிக்காரன். பதினாறு வயதில் மூச்சடக்கிச் சங்கு எடுத்தவன். அந்த ஒரு பெருமையை வைத்துக்கொண்டு, காசிமேட்டில் விசைப்படகின் அடியில் சுழலும் காற்றாடியில் சுற்றிய வலையை அறுத்து எடுக்கும் ஆட்களைப் பார்த்து இருபது வருடம் காறித் துப்பியவன்.

"குழாய வாயில வச்சி உறிஞ்சிக்கிட்டு இறங்குததெல்லாம் ஒரு தொழிலாவே?" என்பான்.

பிறகு அதே தொழிலுக்கு ஆசைப்பட்டான். சங்கெடுத்த நுரையீரல் ஐம்பது வயதில் இருக்குமா? குழாய் அவனுக்கும் வேண்டியிருந்தது. ஆனால் புதுச் சாமான் வாங்குகிறவன் மடையன் என்பது அவன் கட்சி. ஒரு வருடம் பழைய இரும்புக் கடைகளில் அலைந்தான். சிலிண்டர் ஓரிடம். முதுகுக் கச்சை ஓரிடம். காலில் மாட்டும் துடுப்பு, இடது கால் ஒன்பதாம் நம்பர், வலது கால் பத்து. இடுப்புக் கனத்துக்கு லாரி பெல்ட்டில் கோத்த, வலைக்குக் கட்டும் ஈயக் குண்டு. சிலிண்டர் வாய் ஒரு தினுசு, அதன்மேல் பொருத்தி, காற்றை வாய்க்கு அளந்து விடுகிற ரெகுலேட்டர் இன்னொரு தினுசு. ஒன்று மரையில் திருகுவது, மற்றது பிடியில் கவ்வுவது. கடைசல்காரனிடம் நடுவில் ஒரு பித்தளைத் துண்டு போட்டு இரண்டையும் சேர்த்துவிட்டான். அதைக் கைக்குழந்தை மாதிரி எல்லாரிடமும் காட்டினான்.

அந்த ரெகுலேட்டரில்தான் சங்கதி. வாயில் கடித்துக்கொள்கிற ரப்பர் அதில் இல்லை. அந்தக் குறையைக் காட்டியே கடைக்காரனிடம் விலையைக் குறைத்தான். வீட்டுக்கு வந்து புது ரப்பர் ஒன்றை மாட்டினான். மொத்தச் சாமானில் புதுசு அது ஒன்றுதான்.

அடுத்த வாரம் சுப்புராயன் கடைக்கு வந்தான். காசிமேட்டில் வலை அறுக்கும் ஆட்களுக்கெல்லாம் தலைவன் அவன்தான். கவுண்டரில் கிடந்த சாமானைப் பார்த்தான். முதலில் சிரித்தான்.

"இன்னா நைனா, சோளக்கொல்ல பொம்மைக்கு டிரஸ் எடுத்தாப்ல கீது?"

பிறகு ரெகுலேட்டரைப் பார்த்தான். சிரிப்பு நின்றது.

"இத்த நீ வாயில வெக்காத. ரப்பர் இன்னாத்துக்கு இல்லன்னு கேட்டியா?"

"பிஞ்சிருக்கும்."

"பிய்யல. அறுத்தது. நான்தான் அறுத்தேன்."

அவர்களிடம் ஒரு வழக்கம். கீழே ஒருத்தன் செத்தால், அவன் கடித்திருந்த ரப்பரைக் கத்தியால் அறுத்துக் கடலில் போட்டுவிடுவார்கள். அவன் கடைசியாகக் கடித்தது, அவனுக்கே சொந்தம். மீதிப் பித்தளை எடைக்குப் போகும், உருக்குவதற்கு. வேறொருவன் வாய்க்குப் போகக் கூடாது.

"இது எங்காளு வல்லரசுது. போன வருசம் கீழயே பூட்டான். உருக்குவான்னு போட்டா, அந்தப் பேமானி வித்துக்கீறான்."

"செத்தவன் கைக்கடியாரத்தக் கட்டமாட்டியோ? அவன் வீட்டு அண்டாவுல உம் பொண்டாட்டி சோறு பொங்கமாட்டாளோ? பித்தளைக்கு ஏதுவே சாவு?"

"கடியாரம் கையில கட்றது. இது வாயி நைனா."

"போவே. எம் பொழப்புல மண்ணள்ளிப் போட வந்துட்டான்."

சுப்புராயன் போய்விட்டான்.

அன்று இரவு ஆவுடையம்மாள் புருஷனைத் தட்டி எழுப்பினாள். சிலிண்டர் கொல்லையில் கிடந்தது. ரெகுலேட்டர் மட்டும் சுவரில் ஆணியில் தொங்கியது. காற்றுக்கு வழியே இல்லை.

ஸ்ஸ்க்... ஹா.

ஸ்ஸ்க்... ஹா.

பிறகு ஒன்றுமில்லை.

"ஏங்க... அது மூச்சு விடுது."

"ஸ்பிரிங் லூசுட்டி. படு."

நான் சொன்னேனே, அவனுக்கு உலகத்தில் எல்லாரும் மடையர்கள். பெண்டாட்டியையும் சேர்த்து.

எண்ணூர் முகத்துவாரத்தில், கரைப் பாறாங்கல்லை ஒட்டிச் சுகிர்தத்தின் படகு நின்றது. ஆறு படகுக்குச் சொந்தக்காரி. காற்றாடியில் வலை சுற்றிக்கொண்டு நகரவில்லை. மீன்பிடித் தடைக்காலம் தொடங்குவதற்குள் காசிமேட்டுக்குப் போயாக வேண்டும். இசக்கிப்பாண்டி பாதிக் கூலிக்கு முடிப்பதாகச் சொல்லியிருந்தான். முடித்தால் அவளுடைய ஆறு படகும் இனி அவன் கையில். சுப்புராயன் ஆட்களுக்கு அங்கே வேலை கிடையாது. முடியாவிட்டால், இருபது வருடம் துப்பியதெல்லாம் இவன் முகத்திலேயே வந்து விழும். அதற்காகத்தான் அந்த வெயிலில் போனான்.

அவள் விவரமானவள். சுப்புராயனையும் வரச் சொல்லியிருந்தாள். "இந்தாளு தோத்தா ஒடனே நீ எறங்கு. அதுவரிக்கும் சும்மாதான நிக்கற, கயிறப் புடி" என்றாள்.

இசக்கிப்பாண்டி ஒன்பதும் பத்துமாகத் துடுப்பை மாட்டிக்கொண்டு படகு விளிம்பில் உட்கார்ந்தான். இடுப்பில் கயிறு. மூன்று முறை இழுத்தால் மேலே தூக்க வேண்டும்.

சுப்புராயன் மெதுவாகக் கேட்டான்.

"நைனா, ஜோடியா எறங்கிப் பயக்கம் கீதா?"

"சங்கெடுக்கவன் ஒத்தையிலதாவே இறங்குவான்."

இறங்கினான்.

தண்ணீர் கறுப்பு. டீசலும் சாம்பலும் கலந்த வாடை. ஓர் ஆள் ஆழத்தில் தன் கையே தெரியவில்லை. தடவித் தடவி வலையைப் பிடித்தான். கத்தியை எடுத்தான். நைலான் நறநறவென்று அறுபட்டது. தன் மூச்சுச் சத்தம். குமிழி மேலே போகும் சத்தம். வேறு எதுவுமில்லை.

பாதி அறுத்திருப்பான்.

யாரோ மணிக்கட்டைத் தட்டினார்கள். இரண்டு முறை. மெதுவாக.

வாயிலிருந்து ரப்பர் வெளியே போனது. பிடுங்கவில்லை. பிடுங்கியிருந்தால் கடித்திருப்பேன் என்று பிறகு சொன்னான். தூங்குகிற குழந்தை வாயிலிருந்து விரலை எடுப்போமே, அப்படி. ஒரு முழத் தூரத்தில், இருட்டில்...

ஸ்ஸ்க்... ஹா.

ஸ்ஸ்க்... ஹா.

ரப்பர் திரும்ப வந்து உதட்டில் தொட்டது.

அது சூடாக இருந்தது. புகையிலை ருசித்தது. இசக்கிப்பாண்டிக்குப் புகையிலைப் பழக்கம் கிடையாது.

கொஞ்சம் இருங்கள். இதைச் சொல்லிவிடுகிறேன். கீழே ஒருவனுக்குக் காற்று தீர்ந்துவிட்டால், பக்கத்தில் இருப்பவன் தன் வாயில் இருப்பதைக் கொடுப்பான். இரண்டு மூச்சு. பிறகு திருப்பி வாங்கி, தனக்கு இரண்டு மூச்சு. அப்படியே மாற்றி மாற்றி மேலே வருவார்கள். கேட்பதற்கு மணிக்கட்டில் இரண்டு தட்டு. கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். எவ்வளவு பகையாக இருந்தாலும். சுப்புராயன் ஆட்கள் முதல் நாள் படிக்கிற பாடம். ஒற்றையில் சங்கெடுத்தவனுக்கு அதை யார் சொல்லித் தருவது?

மேலே சுகிர்தம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காற்றாடி இருக்கும் இடத்தில் குமிழி இரண்டு முறை வந்தது. நின்றது. பிறகு ஒரு முழம் தள்ளி, இரண்டு முறை.

"இன்னாடா சுப்பு, எடம் மாறி மாறிக் கொமிழி வருது?"

சுப்புராயன் கயிற்றைக் கையில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டான்.

கீழே மூன்று முறை அப்படி மாறியது. ஒவ்வொரு முறையும் தட்டு, எடுப்பது, இரண்டு மூச்சு, திரும்பத் தருவது. ஒரு முறைகூடக் கணக்கு தப்பவில்லை. செத்தவன் நியாயமாக நடந்துகொண்டான்.

நான்காவது முறை தட்டியபோது இசக்கிப்பாண்டி கொடுக்கவில்லை.

கத்தியை விட்டான். இரண்டு கையாலும் ரெகுலேட்டரை வாயோடு அமுக்கிப் பல்லால் கவ்விக்கொண்டான். என் சாமான், என் காற்று.

தட்டு.

மறுபடி தட்டு. கோபமில்லை. வரிசையில் நிற்பவன் மாதிரி.

மறுபடி.

பிறகு தட்டவில்லை.

ஒரு கையை எடுத்துக் கயிற்றை மூன்று முறை இழுத்தான்.

தூக்கிப் போட்டபோது அவன் தாடையை இரண்டு பேர் சேர்ந்துதான் திறக்க முடிந்தது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. சுகிர்தம் எஞ்சினைப் போடச் சொன்னாள். காற்றாடி தடங்கலில்லாமல் சுற்றியது. பாதி அறுத்த வலை முழுதாக அறுபட்டுப் பக்கத்தில் மிதந்தது.

"ஆம்பளதான்யா நீ" என்றாள். "ஆறு படகும் உன்னுது."

வேலை அவனுக்குக் கிடைத்துவிட்டது. ஈரத்தோடு தளத்தில் கிடந்தான். நடந்ததை முனகி முனகிச் சொன்னான். சுப்புராயன் குனிந்து ஒன்றே ஒன்று கேட்டான்.

"நைனா, நீ குடுக்காம புடிச்சிகினு வந்தியே... அது உன் மொறையா, அவன் மொறையா?"

இசக்கிப்பாண்டி தாடையைத் தடவிக்கொண்டான்.

"அவன் முறை."

சுப்புராயன் கயிற்றைக் கீழே வைத்தான். அவனைத் தொடாமல் சுற்றிக்கொண்டு நடந்து, பாறாங்கல் மேல் ஏறிப் போய்விட்டான்.

அதன் பிறகு இசக்கிப்பாண்டி தண்ணீரில் இறங்கவில்லை. சாமானைத் தூக்கி எறிந்தான். கடையில் உட்கார்ந்து எல்லாரையும் பழையபடி ஏசிக்கொண்டிருக்கிறான். பகலில் ஒரு குறையும் இல்லை.

தூங்கும்போதுதான்.

இரண்டு மூச்சு விடுகிறான். நிறுத்துகிறான். ஆவுடையம்மாள் மூக்கருகே கை வைத்துப் பார்த்திருக்கிறாள். ஒன்றும் இருக்காது. மார்பு அசையாது. இரண்டு மூச்சு நேரம். பிறகு திரும்ப இரண்டு. விடிய விடிய இப்படியே. டாக்டர் நுரையீரலைப் படம் எடுத்துப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை என்றார்.

அவளும் பழகிக்கொண்டாள். இரண்டு மூச்சு நேரம் காத்திருந்தால் வந்துவிடும் என்று தெரிந்த பிறகு பயம் போய்விட்டது.

போன ஐப்பசியில், மழை நாளில், மாசானத்துக்கு விடியற்காலையில் போன் செய்தாள். அழவில்லை. எண்ணிப் பார்த்தேன் தம்பி, என்றாள். மூன்று ராத்திரியாக எண்ணுகிறேன்.

இப்போது அவன் நிறுத்துவது நான்கு மூச்சு நேரம். இரண்டு பேருக்கு. வல்லரசுக்கு இரண்டு, இன்னும் யாருக்கோ இரண்டு.