காற்றுக் குழாய் எது?

பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடையில் கிரிதரனுக்கு முதல் நாள் சாப்பாடு வாங்கிக் கொடுத்தவன் நான்தான், இன்ஸ்பெக்டர். ரசத்தை இரண்டு தடவை வாங்கிக் குடித்துவிட்டு, "அங்கிள், நீங்கள் சரியான நல்லவர்" என்றார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவரும் எங்களைப் போல யாழ்ப்பாணக் குடும்பம்தான். பிறந்து வளர்ந்தது மட்டும் கனடா. எங்கள் பல்கலைக்கழக நீர் ஆய்வு நிலையத்தைச் சீர்திருத்த வந்தார். அங்கே நிர்வாகத்துக்கும் வெளிக்கூட்டாளிகளுக்கும் நான் தலைவன். மோட்டார் ஓடாவிட்டாலும் என்னைக் கூப்பிடுவார்கள், ஜப்பான்காரர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இரண்டையும் தட்டிக்கொடுத்தே ஓட்டிவந்தேன்.

ஒரு கூட்டத்தில், டச்சு விருந்தினர் முன்னால், "சண்முகரத்தினம் அங்கிள்தான் எங்கட டீ டிப்பார்ட்மென்ட்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், தேநீர் உண்மையிலேயே நன்றாக இருந்தது. அடுத்த வாரம் என் நாற்காலி அவருக்குப் போகும் என்று முடிவாயிற்று. எனக்குக் கௌரவ ஆலோசகர் என்ற பட்டமும் ஜன்னல் இல்லாத ஓர் அறையும். வலித்தது, மறைக்கவில்லை. ஆனால் கோபப்பட்டு ஒரு வார்த்தை பேசினேனா? யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

நிலையத்தின் அடித்தளத்தில் வெள்ளச் சோதனை அறை இருக்கிறது. அடைமழையில் நிலத்தடிக் கட்டடம் எப்படி நிரம்பும் என்று பார்க்கக் கட்டியது. உள்ளே பலகைகள் எல்லாம் மலாயில் இருந்தன. வெளிநாட்டார் வருகிற இடம், எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் மாற்றுங்கள் என்று கிரிதரன் உத்தரவு போட்டார். மாற்றினேன். முடிந்தது என்றும் சொன்னேன். காற்றுக் குழாயின் பழைய பலகையைக் கழற்றிவிட்டேன், புதியது அச்சகத்திலிருந்து வரவில்லை. தண்ணீர்க் குழாயின் பலகையை மட்டும் அப்படியே விட்டேன்.

மலாயில் தண்ணீர் 'ஆயர்'. ஆங்கில எழுத்தில்தான் எழுதுவார்கள்: ஏ, ஐ, ஆர். கனடாவில் வளர்ந்தவர் அதைக் காற்று என்றுதான் படிப்பார். நான் பொய் எதுவும் எழுதவில்லை. தேசிய மொழியில் சரியாக எழுதியிருந்ததைத் தொடவில்லை, அவ்வளவுதான்.

கதவு நீர் கசியாமல் மூடுகிறதா என்று பார்க்க அவரே உள்ளே போய், என்னைச் சாத்தச் சொன்னார். அது உள்பக்கம் திறக்கிற கதவு. உள்ளே தண்ணீர் ஏறிவிட்டால் அழுத்தத்தில் ஒருவராலும் இழுத்துத் திறக்க முடியாது. கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கியில் அவர் குரல் வந்தது.

"அங்கிள், இஞ்ச சரியான புழுக்கமா கிடக்கு. காத்துக் குழாய் எது?"

"எல்லாம் எழுதி இருக்கு லா தம்பி. படிச்சுப் பாருங்க."

படித்தார், திருகினார். லோரியையே புரட்டிப் போடும் வேகத்தில் தண்ணீர் வரும் குழாய் அது. மறுபடி அதை மூட அவரால் அருகில் போக முடிந்திருக்காது. "அங்கிள்" என்று மட்டும் பல தடவை கூப்பிட்டார். மரியாதையான பிள்ளை.

இத்தனையையும் விபத்து என்று எழுத உங்களுக்கு மனம் வரலாம். அதனால் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். கதவுக்கு வெளியே, என் தோளுக்கு நேராக, ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. அமுக்கினால் எல்லாக் குழாயும் நின்றுவிடும். அதன் மேல் 'பெர்ஹெந்தி', நிறுத்து, என்று மலாயில் எழுதியிருந்தது. அவர் கூப்பிடுவது நிற்கும்வரை நான் அதைப் படித்துக்கொண்டு நின்றேன். எழுத்துப் பிழை ஒன்றுமில்லை.