மண்ணில் வைப்பதும் விசுவாசம்தான்

மேடையில் அமர்ந்திருக்கும் போதகர் ஜெபகுமார் ஐயா அவர்களே, சபையின் மூப்பர்களே, தாயை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மகள் ப்ரீதி அவர்களே, தமிழ்ச் சங்கத்திலிருந்து வந்திருக்கும் நண்பர்களே, வானவடியிலிருந்தும் ஹடப்சரிலிருந்தும் கராடியிலிருந்தும் மழையைப் பாராமல் வந்து கூடியிருக்கும் சபை மக்களே, உங்கள் எல்லோருக்கும் ஸ்டீபனின் வணக்கம்.

இந்தச் சபையின் செயலாளராக அறிவிப்புகள் வாசிக்கத்தான் நான் இங்கே நின்று பழக்கம். இன்று நம் மூப்பர், ராணுவத்தார் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன ஆசிரியை, நம் ஓய்வுநாள் பள்ளியை நடத்திய வேதநாயகி அம்மாளைப் பற்றிப் பேச நிற்கிறேன். எனக்கு முன் பேசியவர்கள் அவருடைய அன்பைச் சொன்னார்கள். கண்டிப்பைச் சொன்னார்கள். ஒன்றை மட்டும் யாரும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? வெட்கமா? பயமா? நம் சபைப் பிள்ளை தினேஷின் வீட்டில் நடந்ததை நான் சொல்கிறேன். சொல்லலாம் என்று தினேஷின் மனைவி கீர்த்தி எனக்கு அனுமதி தந்திருக்கிறார்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதர் நம்மிடையே வந்தார். அவர் பெயரை இந்த மேடையில் உச்சரிக்க மாட்டேன். நன்றாகப் பாடுவார். ஹடப்சரில் தினேஷ், கீர்த்தி வீட்டில் புதன்கிழமைதோறும் ஜெபக்கூட்டம் நடத்தினார். நம் பிள்ளைகளுக்குத் தமிழ் தடுமாறும். அவர் இந்தியும் ஆங்கிலமும் கலந்து அவர்களுடைய பேச்சிலேயே பேசினார். நாமெல்லாம் மகிழ்ந்தோம்.

முதலில் அவர் சொன்னதெல்லாம் நாம் சொல்வதுதான். இன்னும் கொஞ்சம் விசுவாசியுங்கள் என்றார். யார் மறுப்பார்கள்? பிறகு, நோய் தீராதவர்களிடம் விசுவாசக் குறைவு இருக்கிறது என்றார். அதற்கும் தலையாட்டினோம். பிறகு, தன் வார்த்தையைச் சந்தேகிப்பவர் கடவுளையே சந்தேகிக்கிறார் என்றார். அப்போதும் பாட்டு நன்றாகத்தான் இருந்தது.

அம்மாள் மட்டும் கவனித்துக்கொண்டிருந்தார். ஒரு புதன்கிழமை கூட்டம் முடிந்து எல்லோரும் அவல் போஹா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவரிடம் நேராகவே கேட்டார்.

"தம்பி, உங்க ஊழியத்துல இதுவரைக்கும் யாருமே செத்ததில்லையா?"

அவர் சிரித்தார். "விசுவாசிச்சவங்க யாரும் இல்ல டீச்சர்."

சுற்றி இருந்தவர்கள் ஆமென் என்றார்கள். அம்மாள் தட்டைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தார். லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது என்னிடம், "ஸ்டீபன், இந்த வீட்ல ஒரு சாவு விழுந்தா இந்தப் பிள்ளைங்க என்ன ஆவாங்க?" என்றார்.

அடுத்த ஞாயிறே சபைக் குழுவில் எழுந்து எச்சரித்தார். என்ன பதில் கிடைத்தது தெரியுமா? வயதானவர்களுக்கு இளைஞர் கூட்டத்தைக் கண்டால் பொறாமை என்றார்கள். அம்மாள் அதற்காக எச்சரிப்பதை நிறுத்தவில்லை.

சாவு வந்தது. தினேஷ் கராடியில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்த திடகாத்திரமான பிள்ளை. ஒரு நாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழவில்லை. மருத்துவமனையில் கையை விரித்துவிட்டார்கள். உடலை வீட்டுக்குக் கொண்டுவந்த சற்று நேரத்தில் அந்த மனிதர் கீர்த்தியை ஃபோனில் அழைத்தார். அடக்கம் பண்ணாதே, எனக்குக் காட்டப்பட்டிருக்கிறது, உன் புருஷன் எழும்புவான் என்றார்.

அந்த வீட்டுக் கதவு அடைத்துக்கொண்டது. நம் போதகர் ஐயா போய்த் தட்டினார், திறக்கவில்லை. நாம் ஃபோன் செய்தோம், யாரும் எடுக்கவில்லை. உள்ளே பகலும் இரவும் பாட்டுச் சத்தம். மூன்றாம் நாள் காலையில் அந்தக் குடியிருப்பின் செயலாளர், ஒரு மராட்டியர், அம்மாளை அழைத்தார். வாடை மாடிப்படி வரை வந்துவிட்டது, போலீஸைக் கூப்பிடப்போகிறேன் என்றார். "தோடா வேள் த்யா, பாவூ" என்று அம்மாள் அவரிடம் கொஞ்சம் அவகாசம் கேட்டார். என்னையும் அழைத்துக்கொண்டு ஆட்டோவில் போனார்.

கதவைத் தட்டி, "கீர்த்தி, டீச்சர் வந்திருக்கேன். பேச வரல. உன் பக்கத்துல உட்கார வந்திருக்கேன்" என்றார். கதவு திறந்தது.

திரைச்சீலைகளை இழுத்துவிட்டிருந்தார்கள். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. நம் சபைப் பிள்ளைகள், நான் ஞானஸ்நான நாளில் கைகுலுக்கிய பிள்ளைகள், கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தார்கள். தினேஷைக் கிடத்தியிருந்த கட்டிலின் தலைமாட்டில் ஒரு டேப்லெட்டைச் சாய்த்து வைத்திருந்தார்கள். அதில் அந்த மனிதர். ஹடப்சருக்கு வரவில்லை. கராடியில் தன் அறையில் உட்கார்ந்து கட்டளையிட்டுக்கொண்டிருந்தார்.

மூலையில் தினேஷின் மகள் காவ்யா, ஐந்து வயதுக் குழந்தை, தொண்டை கட்டிப்போய் உட்கார்ந்திருந்தாள். அம்மாளைப் பார்த்ததும் கேட்டாள்.

"டீச்சர், நான் டீக் ஸே, சரியா ப்ரே பண்ணலையா?"

அன்பானவர்களே, தவறான உபதேசம் என்றால் என்ன என்று இளைஞர்கள் என்னிடம் விளக்கம் கேட்கிறார்கள். என்னிடம் வேறு விளக்கம் இல்லை. அந்தக் குழந்தையின் கேள்விதான் விளக்கம்.

அம்மாள் அவளை மடியில் எடுத்துக்கொண்டார். "நீ நல்லாத்தான் பண்ணினே கண்ணு. உன் மேல ஒரு தப்பும் இல்ல" என்றார். அப்போது திரையிலிருந்து குரல் வந்தது. "யாரோ அவிசுவாசி உள்ள வந்திருக்காங்க. வெளியே அனுப்புங்க."

அம்மாள் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை. "நான்தான் தம்பி, வேதநாயகி. நீங்க ஏன் அங்க இருக்கீங்க? கிளம்பி வாங்க. இவன் பக்கத்துல இந்த நாற்காலியில உட்காருங்க. நீங்க வர்ற வரைக்கும் நான் எங்கேயும் போகல."

பாட்டு நின்றது. எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். பிறகு அழைப்பு துண்டிக்கப்பட்டது. அவர் வரவில்லை.

கீர்த்தி தரையில் உட்கார்ந்துவிட்டார். "நான் இவரை மண்ணுல வச்சா நான் நம்பலன்னு ஆகிடும் டீச்சர். நானே கொன்ன மாதிரி."

"தினேஷ் எழும்புவான் கீர்த்தி. நானும் அதை நம்பித்தான் உயிரோட இருக்கேன். ஆனா அது என்னைக்குன்னு சொல்ற அதிகாரத்தைக் கடவுள் அந்த ஆளுகிட்ட கொடுக்கல. அதுவரைக்கும் அவனை மண்ணுல வச்சிட்டுக் காத்திருக்கிறதும் விசுவாசம்தான்மா."

அன்று மாலை தினேஷை அடக்கம் செய்தோம்.

இத்தோடு முடிந்திருந்தால் இது வெற்றிக் கதை. முடியவில்லை. அடக்கம் செய்ததால்தான் தினேஷ் எழும்பவில்லை என்று அந்த மனிதர் அறிவித்தார். அந்த அறையில் பாடியவர்களில் சிலர் அதையும் நம்பி இன்றும் அவரோடு இருக்கிறார்கள். சிலர் எதையும் நம்ப முடியாமல் எங்கேயோ போய்விட்டார்கள். கீர்த்தி சபைக்கு வருவதை விட்டுவிட்டார். பொய்யான வாக்கு உடையும்போது மெய்யான நம்பிக்கையையும் சேர்த்து உடைத்துவிடுகிறது. அதுதான் இதில் உள்ள கொடுமை.

அம்மாள் என்ன செய்தார்? ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கீர்த்தி வீட்டுக்குப் போனார். வாரம் தவறாமல் போனார். பிரசங்கம் செய்யவில்லை. சபைக்கு வா என்று ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. காவ்யாவுக்குத் தமிழ் வாசிக்கக் கற்றுக்கொடுத்தார், கீர்த்தியோடு சப்பாத்தி போட்டார், வீட்டுக்குத் திரும்பினார்.

பிறகு அவருக்கே புற்றுநோய் வந்தது. சிகிச்சையை நிறுத்துங்கள், சுகமாவீர்கள் என்று அந்தக் கூட்டத்தார் குரல்செய்திகள் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். ஒரு நாள் மருத்துவமனையில் நான் பக்கத்தில் இருந்தபோது அம்மாள் சொன்னார்: "ஸ்டீபன், வலி தாங்க முடியாதப்ப அந்தக் குரல் எனக்கும் இனிமையாத்தான் கேக்குது. எனக்கே அப்படின்னா மத்தவங்க என்ன பண்ணுவாங்க?"

வேதநாயகி அம்மாளுக்கே இனித்த குரல் அது. நாம் எம்மாத்திரம்?

அவர் கண்மூடிய அன்று, உடல் வைத்திருந்த அறையின் வாசலுக்கு அந்தக் கூட்டத்தார் இரண்டு பேர் வந்தார்கள். அடக்கத்தைத் தள்ளிப்போடுங்கள், தீர்க்கதரிசி சொல்லியிருக்கிறார் என்றார்கள். நான் வாயைத் திறக்குமுன் கீர்த்தி எழுந்தார்.

"டீச்சர் எழும்புவாங்கன்னு டீச்சர் நம்பினாங்க. நான் நம்புறேனான்னு எனக்கே தெரியல. ஆனா அவங்களை நீங்க தொடக்கூடாது. போங்க."

போய்விட்டார்கள். ஆனால் தொலைவுக்குப் போய்விடவில்லை. அடுத்த மாதம் நம் சபைக்கு எதிர்ச் சாலையில் அவர்களுடைய கூடம் திறக்கப்போகிறது. நம்மைவிட நன்றாகப் பாடுவார்கள். உங்கள் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். இந்த அரங்கிலேயே அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்கள் உண்டு என்று எனக்குத் தெரியும். உங்களை எழுந்து போகச் சொல்லவில்லை. உங்களுக்குச் சந்தேகம் வரும் நாளில் எங்களிடம் வெட்கப்படாமல் வரலாம் என்றுதான் சொல்கிறேன்.

சபையாரே, எழுந்து நில்லுங்கள். இந்த ஞாயிறு முதல், விலகிப்போன ஒவ்வொரு குடும்பத்தையும் இரண்டு பேராகப் போய்ப் பார்ப்போம் என்று மூப்பர்களும் நானும் முடிவெடுத்திருக்கிறோம். கேட்கவேண்டிய கேள்வியை, எத்தனை பேர் ஆமென் சொன்னாலும், கேட்போம். வேதநாயகி அம்மாளின் பெயரால் அல்ல, அவர் நம்பிய கடவுளின் முன்னால் இதைச் சொல்வோம்.

இந்த நகரத்தில் இன்னொரு வீட்டில் திரைச்சீலைகளை இழுத்துவிடும் நாள் வரும். அன்று அழைப்பு நமக்கு வரும். அம்மாள் இருக்கமாட்டார். நாம்தான் போகவேண்டும்.